ஒரு வளவில் இரண்டு புகை

நலன்புரிக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். ஒருத்தர் கணக்கியல், ஒருத்தி சமூகவியல், இன்னொருத்தர் கணினியில் பத்து விரலாலும் ஓடுகிறவர். உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருப்பதோ மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துப் படலையைச் சாத்திவிட்டு வந்தவனிடம். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மூட்டை தூக்க வந்தவன் கங்காணி ஆனேன். கங்காணியாக இருந்தவன் சொந்தமாக ஒரு லோஞ்ச் படகு வாங்கினேன், பிறகு இன்னொன்றும் வாங்கினேன். பாரம் இறக்குகிறவர்கள், வின்ச் இழுக்கிறவர்கள், லோஞ்ச் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்த நம்முடைய சங்கத்தில் நலன்புரிக் குழுவின் தலைவர் கதிரையில் நான் இருந்த காலத்துக்கு வேறு ஒருவரும் இருந்ததில்லை. இந்தத் துறைமுகத்தில் என்னைத் தெரியாத நங்கூரம் இல்லை என்று சொல்வார்கள். நானும் மறுத்துச் சொல்வதில்லை.

ஆனால் அந்தக் கதிரையில் இருந்து நான் ஒரு நல்ல முடிவும் எடுத்ததில்லை. எல்லாம் தண்ணீரில் எடுத்ததுதான். உள்துறைமுகத்தில் விடிகிற நேரம் ஒருதரம் லோஞ்சின் என்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா மிதந்து பாருங்கள். தண்ணீர் அசையாது. மலைகள் அடியில்லாமல் பனிப்புகாரில் தொங்கும். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் நீருக்கு அடியில் இருந்து வருவதுபோல் மெல்ல வந்து சேரும். நங்கூரத்தில் நிற்கிற கப்பல் முதலில் ஒரு நிழல், பிறகு ஒரு சுவர், அதற்குப் பிறகுதான் கப்பல். அந்த நேரத்தில் மனிதனுக்கு அவசரம் இருக்காது. அவசரம் இல்லாதபோது கண்ணுக்குத் தெரிகிறது வேறு.

நான் புதியவனாக வந்த காலத்தில் என்னைப் பழக்கிய கங்காணி ஒருவர் இருந்தார். பெயரைச் சொன்னால் கோபிப்பார், அதனால் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு கப்பலைக் காட்டி, இதை இறக்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார். மேல்தட்டு வெறுமையாகக் கிடந்தது. கொஞ்சப் பேர் போதும் என்றேன். அவர் என் பிடரியைப் பிடித்துத் தலையைக் கீழே திருப்பினார். கப்பலின் முன்பக்கத்தில் வெள்ளை இலக்கங்கள் கீழிருந்து மேலாக எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். கப்பல் தாழ்ந்து, அந்த இலக்கங்கள் கழுத்துவரை தண்ணீருக்குள் நின்றன. உள்ளுக்குள் முழுக்கச் சீமெந்து.

"மேல பார்க்காத. எவ்வளவு தாண்டு நிக்குதெண்டு பார்" என்றார்.

எனக்கு எழுத்தைவிட இலக்கம் நன்றாகப் பிடிபட்டது அப்படித்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

நம் சங்கம் உறுப்பினர்களின் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மாதா மாதம் கொடுக்கிற பிள்ளைப்படி உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் எல்லாருக்கும் கொடுத்தோம். பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, மாவுக்கு வரிசை என்று நாடே வரிசையில் நின்ற அந்த வருடம் கப்பல் வருவதும் குறைந்தது. வந்ததிலும் சில, காசு கட்ட ஆளில்லாமல், வயிற்றில் சாமானோடு நங்கூரத்திலேயே கிடந்தன. சங்கத்துக்கு வருகிற பணம் வற்றியது. எல்லாருக்கும் படி கொடுக்க ஏலாது, யாரையாவது வெட்டத்தான் வேண்டும் என்ற நிலை வந்தது.

அப்போது பொருளாளராக இருந்தவர் கிண்ணியா நசீர் நானா. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், சைக்கிளில் பாலம் தாண்டி வருவார். கணக்கில் கெட்டிக்காரர், என்னிடம் மட்டும் தோற்பார். அவர் ஒரு வழி சொன்னார். உறுப்பினருடைய சம்பளம் ஒரு வரம்புக்கு மேலே இருந்தால் அவருக்குப் படி இல்லை, கீழே இருந்தால் உண்டு. ஒவ்வொரு ஆளாகப் பார்ப்பது. வீடு வாசல் என்று உள்ளே போகத் தேவையில்லை. நல்ல சுத்தமான வழியாகத்தான் தெரிந்தது. கையை உயர்த்தினோம், முடிந்தது.

பிறகு தவராசா வந்தான். நானே தோளில் தட்டிக் கங்காணி ஆக்கிய பொடியன். பொடியன் என்கிறேன், அவனுக்கு நாலு பிள்ளைகள். சீனன்குடாப் பக்கம் கரையோர ஒழுங்கை ஒன்றில் இருந்தான். இறங்குதுறைக் கொட்டிலில் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது வந்து, இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றான்.

"அண்ணை, நான் கங்காணி வேலையை விட்டுப்போட்டுத் திரும்ப மூட்டை தூக்கினா என்ர பிள்ளையளுக்குப் படி தருவீங்களோ?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பிறகுதான் விசயத்தைச் சொன்னான். அவனுடைய சம்பளம் வரம்புக்கு மேலே, அதனால் நாலு பிள்ளைகளும் வெளியே. அவனுடைய சகலன் ஜெகன், அதே வளவில் பின்வீட்டில் இருக்கிறவன், வின்ச் இழுக்கிறான், சம்பளம் வரம்புக்குக் கீழே. அவனுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் படி உண்டு. ஆனால் ஜெகனின் மனைவி மலர் ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். இரண்டு சம்பளத்தையும் சேர்த்தால் தவராசாவுடையதை எங்கேயோ தாண்டிப் போகும். தவராசாவின் மனைவி யோகம் வீட்டிலேயே நிற்கிறாள், ஏனென்றால் அவளுடைய தகப்பன் வாதம் வந்து படுத்த படுக்கை. மலருக்கும் அவர்தான் தகப்பன், இரண்டு பேரும் அக்கா தங்கச்சி. ஆனால் கிழவன் கிடப்பது அக்காவின் வீட்டில்.

"ஒரு கிணத்திலதான் அண்ணை ரெண்டு வீடும் தண்ணி அள்ளுறம். அங்கால உள்ள பிள்ளையளுக்கு இருக்கு, இங்கால உள்ளதுகளுக்கு இல்லை. தரணியை வாற மாசம் டவுனில ஒரு துணிக்கடையில விடப்போறன். கதைச்சிட்டன்."

தரணி அவனுடைய மூத்த மகள், உயர்தரம் படிக்கிறாள். அவள் கெட்டிக்காரி என்பது எனக்குத் தெரியும். பரிசளிப்பு விழாவில் நானே அவளுக்குக் கிண்ணம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை துணிக்கடை வாசலில் நின்று போகிறவர் வருகிறவரைக் கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பினேன்.

நசீர் நானாவிடம் போய், ஆளைப் பார்ப்பது பிழை, குடும்பத்தைப் பார்ப்போம் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் நேரம் எடுக்கிற விதம்.

"ஆள்ர சம்பளம் எங்கட கையில இருக்கு அண்ணன். வீட்டுக்குள்ள பூந்தா வெளியில வர ஏலாது."

எனக்கா வீட்டுக்குள் போய்வரத் தெரியாது? குசினி அடுப்பை ஒருமுறை பார்த்தால் அந்தக் குடும்பம் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன் என்றேன். அப்போதே என் வாயில் ஒரு விதி வந்து விழுந்தது. ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். ஒரு அடுப்பில் சாப்பிடுகிறவர்களின் சம்பளங்களை எல்லாம் கூட்டிப் பார்ப்பது, வரம்பையும் இரண்டு சம்பளம் அடங்குகிற அளவுக்கு உயர்த்துவது. இதைக் கூட்டத்தில் சொன்னபோது கை தட்டினார்கள். எனக்குக் கை தட்டுவது புதிதல்ல, ஆனால் அன்றைக்கு நன்றாகவே தட்டினார்கள்.

வெளியூரில் இருந்து வந்திருக்கிற பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்பது. மாப்பிள்ளை வந்து சேர்வார். மூத்தவளுக்கு முன்வீடு, இளையவளுக்கு அதே வளவில் பின்வீடு. தமிழரும் அப்படி, முஸ்லிம்களும் அப்படி. நசீர் நானாவின் மூன்று பெண்பிள்ளைகளும் கிண்ணியாவில் ஒரே மதிலுக்குள் வரிசையாக இருக்கிறார்கள். வீடு வேறு வேறுதான். ஆனால் காஸ் இல்லாமல் போன அந்த வருடம், விறகை மிச்சம் பிடிக்க, இந்தக் கரையில் பாதி வளவுகளில் அக்கா தங்கச்சிமார் ஒரே அடுப்பில் காய்ச்சத் தொடங்கியிருந்தார்கள். யோகமும் மலரும் இரண்டு வீட்டுக்கும் நடுவே தகரம் ஒன்றைச் சாய்த்து, கல் வைத்து, ஒரே பானையில் சோறு வடித்தார்கள்.

என் விதிப்படி அது ஒரு அடுப்பு. மூன்று சம்பளம். கூட்டினால் வரம்பு எங்கேயோ கீழே கிடந்தது. தவராசாவுக்கும் படி இல்லை, ஜெகனுக்கும் இல்லை. நியாயம் கேட்டு வந்தவன் தன் மச்சாள் மலருடைய பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கீழே போனான்.

வீட்டுக்குள் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். அத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒரு பக்கமாவது கிடைத்திருக்கும் என்று மலர் சொன்னாளாம். உன்னுடைய பிள்ளைகள் சாப்பிட என்னுடைய பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கவா என்று யோகம் கேட்டாளாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலர் ஆளைப் பிடித்து வளவுக்கு நடுவே பின்னிய தென்னோலைக் கிடுகால் வேலி அடைத்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு அடுப்பு, அந்தப் பக்கம் ஒரு அடுப்பு.

எனக்கு இது தெரிய வந்தது தண்ணீரில் வைத்து. ஒரு விடியற்காலை கப்பல்காரரை இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறேன். காற்று இல்லை. கரை முழுக்கச் சமையல் புகை நேராக எழும்பி நின்றது, தென்னைகளுக்கு மேலே இன்னொரு தென்னந்தோப்பு வளர்ந்த மாதிரி. என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. கனவில் வருகிற ஊர்போல் இருந்தது. கொஞ்ச நேரம் போன பிறகுதான் ஒன்று உறுத்தியது. போன மாதம் இவ்வளவு புகை இல்லையே. விறகு தட்டுப்பாடான நேரத்தில் அடுப்பு கூடுமா?

அது என்னுடைய விதி எழுப்பிய புகை. பிள்ளைப்படிக்காகக் கரை முழுக்க அடுப்புகள் பிரிந்திருந்தன.

நசீர் நானாவை லோஞ்சில் ஏற்றிக்கொண்டு, அவருடைய சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, மத்தியானச் சமையல் நேரம் பார்த்துத் தவராசாவின் வளவுக்குப் போனேன். அடுத்த நாள் கூட்டம். பிரிந்த அடுப்புகளை ஏற்பதா, இல்லையா என்று அங்கே முடிவு சொல்ல வேண்டும். ஏற்றால் எல்லாருக்கும் படி கொடுக்க வேண்டும், அதற்குப் பணம் இல்லை. ஏற்காவிட்டால் தவராசாவின் பிள்ளைகள் வெளியே, தரணி துணிக்கடையில்.

வளவு அமைதியாக இருந்தது. கிடுகு வேலி படலையில் தொடங்கி வந்து கிணற்றுக் கட்டில் இடித்து நின்று, மற்றப் பக்கத்தில் திரும்பத் தொடங்கிப் போனது. கிணற்றைப் பிரிக்க அவர்களுக்கு வழி தெரியவில்லை. இரண்டு பக்கமும் புகை. தரணி கிணற்றுக் கட்டில் இருந்து புத்தகத்தைப் பார்த்தபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழும்பி, "வாங்கோ பெரியப்பா" என்று சொல்லிவிட்டுத் தாயைக் கூப்பிடப் போனாள்.

அவள் போகிற வழியில் வேலியின் அடிப்பக்கத்தில் இருந்து ஒரு கை வந்தது. வளையல் போட்ட கை. அதில் மூடி வைத்த பீங்கான் சாப்பாட்டுக் கோப்பை ஒன்று. தரணி நின்றாள், குனிந்தாள், கோப்பையை வாங்கினாள், வேலியைப் பார்க்கக்கூட இல்லை. கை திரும்பிப் போனது. அந்த வேலி பிறந்த நாளில் இருந்து சோறு கொடுத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அவள் கோப்பையைக் கொண்டுபோய்த் தாத்தாவின் தலைமாட்டில் வைத்தாள். இதெல்லாம் நடந்தபோது ஒரு சத்தமும் இல்லை. எனக்கு நித்திரையில் பார்ப்பதுபோல் இருந்தது.

நசீர் நானாவுக்கு அப்படி இல்லை. என் காதுக்கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்.

"வேலி சும்மா, அண்ணன். ஒரே குடும்பம்தான்."

அதற்குள் மலர் வேலியைச் சுற்றி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சீருடையில் நின்றாள், சைக்கிள் பூட்டுத் திறப்பு கையில்.

"வாங்கோ தலைவர். அடுப்பு எண்ண வந்தனீங்களோ? ரெண்டு எரியுது. தொட்டுப் பாருங்கோ, சுடும்."

வேலியில் கிடக்கிற ஓட்டையைக் காட்டினேன்.

"வேலி அடைச்சதும் நான்தான், வெட்டினதும் நான்தான். அக்கா காய்ச்சுற கஞ்சி அப்பாவுக்கு இறங்காது" என்றாள்.

பிறகு அவள் கேட்டதை நான் மறக்கவில்லை. பிள்ளைகளே, நீங்களும் மறக்கக் கூடாது. அத்தான் சொன்னது பிழை என்று அவள் சொல்லவில்லை. ஒரு சம்பளமும் நாலு பிள்ளையும் பாரம்தான் என்று ஒத்துக்கொண்டாள்.

"ஆனா நான் வீட்டில சும்மா இருந்திருந்தா எங்களுக்குப் படி வந்திருக்கும். எழும்பிச் சைக்கிள் மிதிச்சுப் போறன் எண்டதுக்காக வெட்டுறீங்கள். சங்கத்தில உறுப்பினர் அவர். நான் இல்லை. என்ர சம்பளத்தை அவற்ற சம்பளத்தோட ஆரைக் கேட்டுக் கூட்டினீங்கள்? அப்பாவுக்கு மருந்து வாங்குறது ஆர் எண்டு அத்தானைக் கேட்டுப் பாருங்கோ."

வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து யோகத்தின் குரல் வந்தது.

"மலர், வந்த ஆக்களோட சண்டை பிடிக்காத."

"சண்டை பிடிக்கேல்லை. கணக்குக் கேக்கிறன்."

வேலி வந்த பிறகு அக்காவும் தங்கச்சியும் ஒருவரோடு ஒருவர் கதைத்த முதல் கதை அதுதான் என்று பிறகு தவராசா சொன்னான். நல்லதோ கெட்டதோ, என்னால் வந்தது.

திரும்பி வரும்போது நசீர் நானா லோஞ்சில் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இருந்தார். விதி என்றால் விதி, ஒரு வீட்டுக்கு வளைத்தால் கரை முழுக்க வளைக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. மலர் கேட்டதிலும் பிழை இல்லை. தவராசா கேட்டதிலும் இல்லை. மூன்று பேரும் சரியாக இருக்கிற இடத்தில்தான் தலைவருக்கு வேலை வருகிறது. பிழையான ஆள் ஒருவர் இருந்தால் அவரைப் பிடித்துத் திட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

நடுத் துறைமுகத்தில் என்ஜினை நிறுத்தினேன். நானா ஏன் என்று கேட்கவில்லை, பழகியவர். வெயில் தண்ணீரில் தகடு தகடாகக் கிடந்தது. மாவு ஆலைப் பக்கம் இரண்டு கப்பல்கள் நின்றன. ஒன்று சாமானை இறக்கி முடித்து உயரமாக எழும்பி நின்றது, இலக்கம் எல்லாம் வெளியே. மற்றது இறக்க வழியில்லாமல் கழுத்துவரை தாண்டு நின்றது. பெரிய கப்பல் எது என்று கேட்டால் எழும்பி நின்றதைத்தான் காட்டுவீர்கள். அளவில் இரண்டும் ஒன்றுதான்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். கப்பல் கரைந்து வீடாகியது. தவராசாவின் வீடு, அதற்குள் நாலு பிள்ளை, யோகம், படுத்த கிழவன், அவன், எல்லாரையும் சுமந்துகொண்டு ஒரு சம்பளம் தண்ணீருக்குள் கழுத்துவரை. ஜெகனின் வீடு இரண்டு சம்பளத்தில் நாலு பேரோடு கொஞ்சம் மேலே. என் பிடரியில் அந்தப் பழைய கங்காணியின் கை இருந்தது. நான் சம்பளத்தைப் பார்த்தேன், பிறகு அடுப்பைப் பார்த்தேன். இரண்டும் மேல்தட்டு.

"நானா, வருமானத்தைச் சுமக்கிற வாயால பிரிச்சுப் பார்த்தா என்ன? ஒவ்வொரு வீடும் எத்தனை பேரைச் சுமக்குது எண்டு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நேரம் எடுத்தார். ஆருடைய வாய் ஆருடைய கணக்கு என்று சண்டை வரும் என்றார். பெற்ற பிள்ளை பெற்றவர்களுடைய கணக்கு, கிழவனைக் குளிப்பாட்டுவது ஒருத்தி, மருந்து வாங்குவது மற்றவள், ஆகவே ஆளுக்குப் பாதி என்றேன். கிழவனை இரண்டாக வெட்டியாயிற்று என்றார் அவர். வேலைக்குப் போய்வரும் செலவை மலரின் சம்பளத்தில் இருந்து கழிக்க வேண்டும் என்று அவரே சொன்னார், அது என் தலையில் வரவில்லை. அவருக்குச் சேர வேண்டியது அவருக்கு.

கடைசியாக ஒன்று கேட்டார்.

"அந்தக் கோப்பை, அண்ணன்? வேலிக்குள்ளால போனது?"

"கோப்பையை விடுங்கோ நானா. ஒருத்தர் ஒருத்தருக்குக் குடுக்கிற சோத்தைக் கணக்கில போட்டா நாளைக்கு ஒருத்தரும் குடுக்க மாட்டினம்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் என்ஜினை எழுப்பினேன்.

அடுத்த நாள் கூட்டம் தகரக் கொட்டிலில் கொதித்தது. இனி சுமக்கிற வாய்க் கணக்குத்தான், பிரித்த அடுப்பு எல்லாம் வீண் என்றதும் வேலி அடைத்தவர்கள் எழும்பிக் கத்தினார்கள், கிடுகுக்கு யார் பணம் தருவது என்று. லோஞ்ச்காரன் ஒருவன், தோப்பூரில் இருந்து தன் மனைவியின் ஆட்கள் பெருநாளுக்குப் பெருநாள் வந்து தின்றுவிட்டுப் போகிறார்கள், அந்த வாய்களையும் எண்ண வேண்டும் என்றான். போகும்போது நெல்மூட்டை தந்துவிட்டுப் போகிறார்களே, அதையும் எண்ணவா என்று நசீர் நானா கேட்டார். சிரிப்பில் கொஞ்சம் சூடு இறங்கியது. கோப்பைகளை எண்ண மாட்டோம் என்று நான் சொன்னது அங்கே பாதிப் பேருக்கு விளங்கவில்லை, விளங்கினவர்கள் பேசாமல் இருந்துகொண்டார்கள்.

கணக்கு வந்தது. தவராசாவின் நாலு பிள்ளைகளுக்கும் படி உண்டு. ஜெகன் வரம்புக்குக் கொஞ்சம் மேலே, கிழவனைப் பாதி கொடுத்தும், சைக்கிள் செலவு கழித்தும், கொஞ்சம் மேலேயே நின்றான். அவனுக்கு இல்லை.

மலர் வாசலில் நின்றாள். உறுப்பினர் இல்லாதவர் கதைக்கக் கூடாது என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. நான் தலைவர், கதைக்கச் சொன்னேன்.

"அக்காட பிள்ளையளுக்குக் குடுங்கோ. எங்களுக்கு இல்லையெண்டா இல்லை. ஆனா எங்களை வசதியான ஆக்கள் எண்டு சொல்லி வெட்டாதீங்கோ. சங்கத்திட்டக் காசு காணாது, அதால தர ஏலாமக் கிடக்கு எண்டு சொல்லுங்கோ. அதுதானே உண்மை."

கொட்டிலில் மேலே தகரம் சூட்டில் டிக் டிக் என்றது. தவராசா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் எழும்பி ஒலிவாங்கியைப் பிடித்து, அவள் சொன்ன வார்த்தையை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். சங்கத்திட்டக் காசு காணாது, அதால தர ஏலாமக் கிடக்கு. மேடையில் நான் எத்தனையோ பேசியிருக்கிறேன். இரவல் வாங்கிப் பேசியது அது ஒன்றுதான், அதுதான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது.

ஆகவே பிள்ளைகளே, நீங்கள் எந்த வரம்பைப் போட்டாலும் அதற்குச் சற்று மேலே ஒருத்தி சைக்கிள் திறப்போடு நிற்பாள். ஆளைப் பார்த்துக் கணக்குப் போட்டால் தவராசா நிற்பான், குடும்பத்தைப் பார்த்துப் போட்டால் மலர் நிற்பாள். ஒருவரும் நிற்காத வரம்பை நான் காணவில்லை, நீங்கள் கண்டால் எனக்கும் வந்து சொல்லுங்கள். வெட்டுகிற ஆளுடைய வளவுக்கு முதலில் போய்விட்டு வாருங்கள். வசதி என்ற சொல்லை நம் கடிதங்களில் இருந்து அன்றோடு எடுத்தேன், திரும்பக் கொண்டுவராதீர்கள். கப்பல் மறுபடி வரத் தொடங்கியபோது நாங்கள் முதலில் திரும்பச் சேர்த்தது வரம்புக்குச் சற்று மேலே நின்றவர்களைத்தான். அதையும் அப்படியே வைத்திருங்கள்.

அந்தக் கூட்டம் முடிந்து சில வாரத்தில் தவராசா என்னையும் நசீர் நானாவையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். லோஞ்சில்தான் போனோம். கரை கிட்ட வரும்போதே என் கண் அந்த வளவுக்குப் போய்விட்டது. தென்னைகளுக்கு மேலே ஒரு புகை மட்டும் எழும்பி நின்றது. நானாவுக்குக் காட்டினேன். அவரும் முதலே பார்த்துவிட்டார், எனக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார்.

உள்ளே போனால் வேலி பாதிதான் நின்றது. பழைய தகரத்துக்குக் கீழே பழைய அடுப்பு, அதில் பெரிய பானை. யோகம் வேலியில் இருந்து ஒரு கிடுகை இழுப்பாள், மடித்து அடுப்புக்குள் வைப்பாள், சடசடவென்று பிடிக்கும். விறகு மிச்சம் என்றாள். கொடியில் தரணியின் பள்ளிக்கூட வெள்ளைச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. கிழவனின் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள், அவர் இரண்டு பெண்பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவருக்கு அந்த வேலி வந்ததும் தெரியுமோ, போனதும் தெரியுமோ, எனக்குத் தெரியாது.

வேலையால் வந்த உடுப்போடேயே மலர் பரிமாறினாள். என் கோப்பையில் சோறு போட்டாள், சொதி ஊற்றினாள். பிறகு பாரை மீனின் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டு, அகப்பையைக் கையில் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"தலைவர், இதைக் கொண்டுபோய் என்ர வருமானத்தில சேர்த்துப் போடாதீங்கோ."